அபினும் ஆலைத் தாய்மாரும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் கைக்குழந்தைகளுக்கு அபின் உருண்டை கொடுப்பது பரவலான வழக்கமாக இருந்தது. 'பால கோலி' என்பது அதன் பெயர். தாய் ஆலையிலிருந்து திரும்பும்வரை குழந்தை அழாமல் உறங்கவேண்டும். உறக்கம் மிகுந்தால் பால் குடிப்பது குறையும். அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுவிடும். இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் 'காட்ஃப்ரே கார்டியல்' என்னும் அபின் மருந்து இதே வேலையைச் செய்தது.

கருவுற்ற தாயே அபின் உண்பவளாயின் துயரம் கருப்பையிலேயே தொடங்கிவிடுகிறது. அபின் நஞ்சுக்கொடி வழியே கருவை அடைகிறது. பிறந்ததும் அந்த வரத்து நின்றுபோக, குழந்தை நடுங்கும், ஓயாமல் வீறிடும், பால் குடிக்கத் திணறும். 1875இலேயே மருத்துவர்கள் இதனைப் பதிவுசெய்துள்ளனர். அக்குழந்தைக்கு மீண்டும் அபின் கொடுத்தால் அழுகை ஓயும். நோய்க்குக் காரணமானதே மருந்தாகத் தோன்றும் விந்தை இது. இன்று அத்தகைய தாய்க்கு, திடீரென நிறுத்தச் சொல்லாமல், மருத்துவக் கண்காணிப்பில் மெத்தடோன் அல்லது புப்ரெனார்ஃபின் தருகிறார்கள்.

தாயைப் பழிப்பது எளிது. ஆனால் மகப்பேற்று உதவிச் சட்டம் பம்பாய்க்கு 1929இலும் சென்னை மாகாணத்துக்கு 1934இலும்தான் வந்தது. ஐம்பது பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். அதுவரை பல ஆலைத் தாய்மாருக்கு விடுப்பும் காப்பகமும் அந்தச் சிறு உருண்டைதான்.