வெள்ளியங்கிரி அடிவாரத்துத் திராட்சை

பீளமேடு என்றால் பஞ்சாலையும் பம்புசெட்டும்தான் நினைவுக்கு வரும். திராட்சைக்கும் அவ்வூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், கோயமுத்தூருக்கு மேற்கே பேரூரைத் தாண்டி, மாதம்பட்டி, தொண்டாமுத்தூர், நரசீபுரம் என்று வெள்ளியங்கிரி மலையை நோக்கிச் செல்லும் வழியில், கல்தூண்களின்மேல் கம்பி கட்டிப் படரவிட்ட பன்னீர்த் திராட்சைப் பந்தல்களைப் பார்த்துவிட்டு, தோட்டத்துக் கிணற்றையும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைக்கு அந்தப்புறமே பெய்து தீர்த்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் குளிர்ச்சியையும் வேகத்தையும் மாத்திரமே கொண்டுவந்து சேர்க்கிற கோவைச் சமவெளியில், சராசரி மழை ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே கொங்குக் குடியானவர் வானத்தைவிடக் கிணற்றையே அதிகம் நம்பினார். 1887இல் கோயமுத்தூர் ஜில்லா மானுவலைத் தொகுத்த எப். ஏ. நிக்கல்சன் இந்தக் கிணற்றுத் தோட்ட விவசாயத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். எருதுகள் சரிவில் இறங்க, தோல் சால் மேலேறி வாய்க்காலில் கொட்ட, விடியுமுன் பூட்டிய கவலை ஏற்றம் வெயில் ஏறுமட்டும் ஓடினாலும் நனைகிற நிலம் சொற்பமே. 1932இல் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்து, 1937இல் பீளமேட்டிலேயே உள்நாட்டு மின்மோட்டார் உருவான பிறகுதான், ஆழக்கிணற்று நீரை வேண்டிய பொழுது இறைத்து, பல்லாண்டு நின்று காய்க்கும் கொடிப்பயிரை வைத்துப் பிழைக்கலாம் என்கிற துணிவு இங்கே பரவியது.

திராட்சை தென்னாட்டுக்கு வந்த கதையோ இதைவிடப் பழமையானது. 14ஆம் நூற்றாண்டில் தக்காணத்துத் தௌலதாபாத்தைக் கண்ட யாத்திரிகர் இபுனு பதூதா, அங்கே திராட்சை ஆண்டுக்கு இருமுறை பலன் தருவதை வியந்து குறித்தார். சேலம், மதுரைப் பகுதிகளில் 1832 வாக்கில் கிறிஸ்தவப் பாதிரிமார் இதை நட்டார்கள் என்று தோட்டக்கலை நூல்கள் சொல்கின்றன. அவர்கள் கொண்டுவந்தது பன்னீர்த் திராட்சையே என்று சிலர் சேர்த்துச் சொல்வதை மட்டும் நான் ஏற்பதற்கில்லை. மஸ்கட் ஹாம்பர்க் என்று உலகம் அழைக்கும் அவ்வகை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் இங்கிலாந்தில் உருவாயிற்று. பிறக்காத கொடியை 1832இல் யார் கப்பலேற்ற முடியும்? அதன் பெற்றோரில் ஒன்று, மத்தியதரைக்கடல் நாடுகளில் மணமுள்ள வெள்ளை ஒயின்களுக்கு மூலமான மஸ்கட் ஆப் அலெக்சாந்திரியா என்னும் வெண்திராட்சை. நம் கறுப்புப் பழத்தை வாயிலிட்டதும் எழுகிற பன்னீர் வாசனை அந்த வழியில் வந்த சொத்து. தோலோடு ஊறவிடாமல் உடனே பிழிந்தெடுத்தால் இதன் சாறும் வெளிறித்தான் இருக்கும். வெள்ளை ஒயினுக்குரிய குணங்கள் இவ்வளவு இருந்தும், 1937இல் சேலத்தில் தொடங்கி 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கின் காலத்தில் கொங்குத் திராட்சைக்குப் பீப்பாயின் வழி அடைபட்டிருந்தது. பழம் கூடையிலேறிச் சந்தைக்கே போயிற்று. அதற்காக வருந்துகிறவன் நான் அல்லன்.

குளிர்நாடுகளில் பனி விழுந்து கொடியை உறங்கவைக்கும். இங்கே அந்த உறக்கம் இல்லாததால், கொடியைப் புதிதாகத் துளிர்க்கவைக்கும் காரியத்தைக் கவாத்துக் கத்தரிதான் செய்ய வேண்டும். மார்கழி, தை மாதங்களில் கவாத்துச் செய்தால் சித்திரையை ஒட்டிக் கோடைப்பழம். வைகாசி, ஆனியில் செய்தால் ஆவணி, புரட்டாசியில் மழைக்காலப் பழம். ஒரே கொடியில், ஒரே மண்ணில் விளைந்தாலும் இரண்டுக்கும் சுபாவம் வேறு. வறண்ட பகலில் பழுக்கிற கோடைப்பழத்தில் இனிப்பு திரள்கிறது. இரவில் மலைச்சரிவிலிருந்து இறங்குகிற குளிர்காற்று, வெயில் எரித்துவிடக்கூடிய புளிப்பில் ஒரு பகுதியையாவது காப்பாற்றிக் கொடுக்கிறது. வெள்ளை ஒயினுக்கு உயிர்நாடி என்று மேனாட்டார் சொல்லும் இனிப்பு-புளிப்புச் சமன் இதுவே. மழைக்காலப் பழமோ நீர் கோத்து, மணம் குன்றி, நோய்க்கு இடங்கொடுக்கிறது.

இயற்கை விவசாயம் என்று இன்று கொண்டாடப்படுவது கொங்கு நாட்டில் ஒரு சித்தாந்தமாகப் பிறந்ததன்று. கையில் இருந்ததைக் கொண்டு செய்த விவசாயம் அது: வெள்ளாட்டையும் செம்மறியையும் தோட்டத்தில் பட்டி அடைத்து எருவாக்கினார்கள், கொளுஞ்சியையும் சணப்பையையும் பூவெடுக்கும் தருணத்தில் மடக்கி உழுதார்கள், புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினார்கள். ஆங்கில விவசாய விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவார்ட் இந்தூரில் மட்கெருவை ஆராய்ந்து, 1940இல் தம் பிரசித்தமான நூலை வெளியிட்டபோது, கீழ்நாட்டுக் குடியானவரையே தம் ஆசானாக ஒப்புக்கொண்டார். பின்னாளில் கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பிரபலப்படுத்திய பஞ்சகவ்யமும் கொங்கு மண்ணிலிருந்தே புறப்பட்டது. தழையும் எருவும் உண்ட செம்மண் தண்ணீரைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக வேருக்குத் தரும். ரசாயன உரத்தால் ஊதிப் பெருத்த கொடியோ இலையாய்ச் செழித்து, பந்தலுக்குக் கீழே காற்றைத் தடுத்து, அடிச்சாம்பல் நோயைத் தானே அழைத்துக்கொள்ளும்.

நோயை வருமுன் தடுக்க என்ன செய்வது? 1885இல் பிரான்ஸ் தேசத்துப் போர்டோவில் மில்லார்டே என்னும் தாவர சாஸ்திரி வெளியிட்ட மயில்துத்தச் சுண்ணாம்புக் கலவை, சாலையோரப் பழத்தை வழிப்போக்கர் பறிக்காதிருக்கத் தோட்டக்காரர்கள் தெளித்த நீலப்பூச்சிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது என்பது வேடிக்கையான வரலாறு. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். இரும்போ தகரமோ படாத பாத்திரம். கலந்தபின் பளபளப்பான கத்தியின் அலகைச் சிறிது நேரம் முக்கி எடுக்கிறார்கள். அலகில் செம்பு நிறம் ஏறியிருந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து மறுபடி முக்குவார்கள். செம்பு மண்ணில் தங்கி மண்புழுவைக் கெடுக்கும் என்று இயற்கை விவசாயிகள் ஆட்சேபிப்பது நியாயமே. ஆயினும் மழைக்காலப் பழத்தை இதுவும் இல்லாமல் கரையேற்றுவது மிகக் கடினம். ஆண்டுக்கு இரண்டு வெள்ளாமை என்ற ஆசையை விட்டு, கோடைப்பழத்தோடு நிறுத்திக்கொள்கிறவருக்கே மருந்தில்லா விவசாயம் கைகூடும் என்பது என் அபிப்பிராயம்.

மோட்டார் தந்த செழிப்பை மோட்டாரே உறிஞ்சியும் கொண்டது. கிணறு வற்றி ஆழ்குழாய்க் கிணறு வந்தது. ஆட்கூலி ஏறவே, அடிக்கடி கவாத்துக்கு ஆள் தேட வேண்டாத பாக்கும் தென்னையும் பந்தல்களின் இடத்தைப் பிடித்து வருகின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றுப் பெயரெடுத்துவிட்டது. நம் அடிவாரத்துப் பழத்துக்கு ஆதரவு தர வேண்டியவர்கள் கோயமுத்தூர்க்காரர்களே. சித்திரையில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் போகிறவர்கள், பட்டி எருப் போட்டு விளைவித்த கோடைப்பழம் எந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்று விசாரித்து, விலை சற்றுக் கூடினாலும் அங்கேயே வாங்குங்கள்.