அரண்மனை உடுத்திய கருப்பூர்ச் சேலை

திருவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கர் (1623–1659) அரண்மனை இன்றும் நிற்கிறது. அவர் உடுத்திய ஆடையைக் காண விழைவோர் மதுரைப் புதுமண்டபத்துச் சிலையையே நாடவேண்டும். கல் காலத்தை வெல்லும்; பருத்தியும் பட்டும் வெல்வதில்லை. ஆதலின், தமிழகத்து அரச குடும்பங்கள் உடுத்தியவற்றுள் எஞ்சிய துணிகள் மிகச் சிலவே. அவற்றுள் தலையாயது, தஞ்சை மராட்டிய அரச குடும்பத்திற்கென நெய்யப்பெற்ற கோடாலிக் கருப்பூர்ச் சேலையாகும்.

கொள்ளிடத்தின் வடபால், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் அது. அவ்வூர்ச் சேலையில் நெசவும் ஓவியமும் ஒன்றினுள் ஒன்று கலந்தன. மெல்லிய பருத்தி நூலின் இடையே, பூ வரவேண்டிய இடங்களில் மட்டும் பொற்சரிகையைக் கோத்து நெய்தனர். பின்னர், நிறம் ஏறலாகாத இடங்களில் மெழுகு தீட்டிச் சாயத்தில் தோய்த்தனர். மெழுகு நீங்கியதும் கோடுகள் தெளிந்தன. செந்நிறத்தின் அடியிலிருந்து சரிகை மங்கலாய் ஒளிர்ந்தது. பொன்னைப் பறைசாற்றாது சாயத்துள் அடக்கி வைத்ததே அதன் நயம்.

இரண்டாம் சரபோஜி (1798–1832), அவர் மகன் சிவாஜி (1832–1855) ஆகியோர் காலத்தில் இக்கலை செழித்தது. அரண்மனைத் திருமணங்களில் இச்சேலை விளங்கியது. பிற மராட்டிய அரசுகளுக்கும் பரிசாய்ச் சென்றது. 1855இல் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். அதனையே காரணம் காட்டிக் கும்பினியார் தஞ்சை அரசை முடித்தனர். உடுத்துவோர் வீழ்ந்தபின் நெய்வோர் கை ஓய்ந்தது. இன்று அச்சேலைகளைக் காண அகமதாபாத்தின் காலிகோ அருங்காட்சியகத்திற்கோ, இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திற்கோ செல்லவேண்டியுள்ளது.

ஆயினும் தூரிகை முற்றும் ஓய்ந்துவிடவில்லை. கோயில்களின் தொம்பைகளிலும் விதானங்களிலும் தீட்டும் மரபு தொடர்ந்தது. 2021இல் கருப்பூர்க் கலம்காரி புவிசார் குறியீடு பெற்றது. கோயில் வேண்டிய பாதி வாழ்ந்தது. அரண்மனை மட்டுமே வேண்டிய பாதி கண்ணாடிப் பேழைக்குள் அடங்கியது என்பது எண்ணத்தக்கது.

இராஜபாளையத்தில் 1936இல் தோன்றிய ஆலையின் நூலும், அருகிலுள்ள சத்திரப்பட்டியின் மருத்துவக் கட்டுத்துணியும் முகமறியா மக்களுக்காக உருவாகுபவை. அவற்றை எந்த அருங்காட்சியகமும் போற்றி வைக்கப்போவதில்லை. ஓர் அரச குலம் மறைந்தால் அவை நின்றுவிடுவதும் இல்லை. தமிழ்க் கவிதையும் ஒருகாலத்தில் அரசவையின் பரிசிலை நம்பி வாழ்ந்ததே. அவை கலைந்தபின்னும் அது பிழைத்திருப்பது, கேட்கும் செவிகள் பலவாய்ப் பெருகியதனால்தான்.