விஞ்சுக்குச் சான்றிதழ் இல்லை

வருஷத்துக்கு ஒரு வாரம் அப்பா வீட்டுக்கு வரமாட்டார். வந்தாலும் குளித்துவிட்டு, இரண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு உடனே கிளம்பிவிடுவார். கேட்டால் அம்மா சொல்லும் பதில் ஒன்றுதான்: "பாய்லர் இன்ஸ்பெக்டர் வர்றாருடா."

அப்பா எண்ணூர் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் ஆபரேட்டர். காத்திவாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் புகைபோக்கி தெரியும். 1970இல் ஓட ஆரம்பித்த நிலையம், ஐந்து யூனிட், மொத்தம் 450 மெகாவாட். 2017 மார்ச்சில் மூடிவிட்டார்கள்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, தாழங்குப்பத்துக்காரர். முதலில் கட்டுமரம், அப்புறம் காசிமேட்டில் லாஞ்சு. அவர் வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. நான் நான்காவது படிக்கும்போது விஞ்சு இழுத்துக்கொண்டது. எந்த லாஞ்சு, யார் முதலாளி என்பதெல்லாம் இப்போது வேண்டாம். மடியை ஏற்றும்போது ரோப்பு ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டது, கையால் தள்ளினார், சங்கிலி சட்டைக் கையைப் பிடித்தது. இஞ்சினிலிருந்து நேராக வரும் ஓட்டம் அது. கேபினில் இருந்த டிரைவருக்குச் சத்தம் கேட்டு நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரே குடும்பத்தில் இரண்டு இயந்திரங்கள். ஒன்றைச் சோதிக்க வருஷா வருஷம் அரசாங்கம் வருகிறது. இன்னொன்றின் சங்கிலிக்கு மேல் ஒரு தகரம்கூடக் கிடையாது. ஏன் இப்படி என்ற கேள்வி ரொம்ப நாள் என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தது. பதில் தேடிப் போனால் அது கல்கத்தாவில் போய் நின்றது.

1863இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பல பேர் செத்தார்கள். மறு வருஷமே வங்காளத்தில் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் தலைப்பை நான் இரண்டு முறை படித்தேன். நீராவிக் கொதிகலன்களையும் அவற்றோடு இணைந்த இயக்க இயந்திரங்களையும் காலமுறைப்படி சோதிப்பதற்கான சட்டம். கொதிகலன் மட்டுமல்ல, அது ஓட்டும் இயந்திரமும் சேர்த்தி. அதாவது, தொடக்கத்தில் இரண்டும் ஒரே கண்ணில்தான் பட்டிருக்கின்றன.

பிறகு மாகாணத்துக்கு ஒரு சட்டம் என்று ஆகிவிட்டது. ஒரு மாகாணம் ஒப்புக்கொண்ட கொதிகலனை எல்லை தாண்டினால் அடுத்த மாகாணம் ஒப்புக்கொள்ளாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1920-21இல் ஒரு குழு உட்கார்ந்தது. அதன் விளைவுதான் 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டம். 1924 ஜனவரி 1 முதல் நடைமுறை. பதிவு செய்யாமல் ஓட்டக் கூடாது, சான்றிதழ் அதிகபட்சம் பன்னிரண்டு மாதம், விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் தகவல். 2025இல் புதிய சட்டம் வரும்வரை நூறு வருஷம் இதுதான் ஓடியது. அப்பாவின் அந்த ஒரு வாரமும் இந்தச் சட்டத்தின் கணக்கில்தான் வரும்.

அந்த வாரத்தைப் பற்றி அப்பா சொல்வதைக் கேட்க வேண்டும். பாய்லரை நிறுத்தி, ஆறவிட்டு, மேன்ஹோலைத் திறந்து, உள்ளே சாம்பல், செதில் எல்லாம் சுரண்டி வைத்திருப்பார்கள். இன்ஸ்பெக்டர் டார்ச்சோடு உள்ளே நுழைவார். சுத்தியலால் தட்டி, காது கொடுத்துக் கேட்பார். அடுத்தது தண்ணீர்ச் சோதனை. பாய்லர் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, வழக்கமாக ஓடும் அழுத்தத்தைவிட அதிகம் ஏற்றுவார்கள். ஏன் தண்ணீர்? நீராவியோ காற்றோ அமுக்கப்பட்ட ஸ்பிரிங் மாதிரி, உடைந்தால் வெடிக்கும். தண்ணீர் சுருங்காது. அதனால் பலவீனமான இடம் இருந்தால் பெரும்பாலும் கசிவதோடு நின்றுவிடும், ஆளைக் கொல்லாது. என் வேலையில் மென்பொருளைத் தனிச் சூழலில் வைத்துச் சோதிக்கிறோமே, அதன் தாத்தா இது என்று எனக்குத் தோன்றும். கடைசியாக நீராவி ஏற்றி சேஃப்டி வால்வு சரியான அழுத்தத்தில் திறக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சீறல் எங்கள் தெரு வரை கேட்கும். "முடிஞ்சிச்சு, அப்பா வந்துருவாரு" என்பாள் அம்மா.

சரி, கடலுக்கு வருவோம். 1923 சட்டம் கப்பல் கொதிகலன்களைத் தொடவில்லை. அவற்றுக்கு 1884ஆம் ஆண்டின் நீராவிக் கப்பல் சட்டம் தனியாக இருந்தது. அதன் அக்கறையோ முதன்மையாகப் பயணிகள் மேல். கப்பலில் போகிற துரைக்கும் துரைசானிக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது.

நம் கடலில் நீராவியில் மீன் பிடித்த கப்பல்கள் மிகச் சில. 1908இல் வங்காள விரிகுடாவின் தலைப்பகுதியை ஆராய 'கோல்டன் கிரவுன்' வந்தது. 1927 வாக்கில் மெட்ராஸ் மாகாண மீன்துறை 'லேடி கோஷன்' என்ற ஸ்டீம் டிராலரை இறக்கியது. அப்போதைய கவர்னர் கோஷனின் மனைவி பெயர். ஆழ்கடல் மீன்தளங்களைத் தேடிப் போன அந்தக் கப்பலின் பயணங்களைப் பற்றி மீன்துறையின் சுந்தர ராஜ் அறிக்கை எழுதினார். ஆனால் இந்த ஊர் மீனவன் நீராவியைத் தொடவே இல்லை. கட்டுமரத்திலிருந்து நேரே டீசலுக்குத் தாவினான். சுதந்திரத்துக்குப் பிறகு கேரளத்தில் இந்தோ-நார்வேத் திட்டம், இங்கே அரசின் விசைப்படகுத் திட்டங்கள் என்று அது நடந்தது. நிறைய லாஞ்சுகளில் ஓடியது அசோக் லேலண்டு இஞ்சின். அதாவது லாரி இஞ்சினின் கடல் வடிவம். எண்ணூரில் தொழிற்சாலை வைத்திருந்த கம்பெனி அது. மாமாவுக்கு அதில் ஒரு பெருமை: "நம்ம ஊரு இஞ்சின்தாண்டா கடலயே இழுக்குது."

நீராவி இல்லையென்றால் கொதிகலன் சட்டம் இல்லை. இயந்திரத்துக்கு வேலி போடச் சொன்னது 1881இலிருந்து வந்த தொழிற்சாலைச் சட்டங்கள். 1948 சட்டத்தின் 21ஆம் பிரிவு அதைத்தான் சொன்னது. ஆனால் லாஞ்சு தொழிற்சாலை இல்லையே. அதே சங்கிலி, அதே பற்சக்கரம் திருவொற்றியூரில் ஒரு ஷெட்டுக்குள் ஓடியிருந்தால், அதிலும் அது சட்டக் கணக்கில் தொழிற்சாலை என்றால், மூடி போட்டாக வேண்டும். ஐந்து கிலோமீட்டர் கிழக்கே, அலைமேல் என்றால் வேண்டாம். 1864இல் ஒன்றாக இருந்த இரண்டும் பிரிந்து, ஒன்று கொதிகலன் ஆபீசுக்குப் போனது, இன்னொன்று தொழிற்சாலை ஆபீசுக்குப் போனது. லாஞ்சு இரண்டுக்கும் நடுவில் விழுந்தது.

சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1958 வணிகக் கப்பல் சட்டத்தில் மீன்பிடிப் படகுகளுக்கென்று ஒரு பகுதியைச் சேர்த்து, 1988இல் படகு ஆய்வு விதிகளும் போட்டார்கள். அதற்கு முன்பே 1983இல் தமிழ்நாட்டுக்கு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்திருந்தது. ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கும். முதலில் 45 நாள், இப்போது 61. அந்த நாட்களில்தான் படகுகளை நேரில் ஆய்வு செய்வார்கள். பதிவு எண், இஞ்சின் எண், குதிரைத்திறன், உயிர்காப்புச் சட்டை, தகவல் கருவி. தேறினால்தான் மானிய டீசல். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்த ஆய்வுக்கு வேறொரு கண்ணும் முளைத்தது: இது யாருடைய படகு, உள்ளே யார்? அப்புறம் சீன இஞ்சின் தகராறு. அதிக வேகம், அதிக இழுவை, அடுத்த ஊர்க்காரனுக்கு மீன் இல்லை. எனவே இஞ்சினைப் பார்க்கிறார்கள். எவ்வளவு பலம் என்று பார்க்கிறார்கள். மீனையும் எல்லையையும் மானியத்தையும் காப்பாற்ற அது தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கல்கத்தாவின் கேள்வி வேறு. இந்த இயந்திரம் பக்கத்தில் நிற்பவனை என்ன செய்யும்?

உலக அளவிலும் கதை பெரிதாக மாறவில்லை. 1968இல் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தைச் சேர்ந்த மூன்று டிராலர்கள் சில வாரங்களுக்குள் கடலில் மூழ்கி 58 பேர் போனார்கள். மீன் பதனிடும் இடத்தில் வேலை செய்த லிலியன் பிலோக்கா என்ற பெண் பத்தாயிரம் கையெழுத்து வாங்கிக்கொண்டு லண்டனுக்குப் போனாள். அதற்குப் பிறகுதான் ரேடியோ ஆபரேட்டர் இல்லாமல் போகக் கூடாது என்பது போன்ற விஷயங்கள் நகர்ந்தன. 1977இல் டொர்ரெமோலினோஸ் ஒப்பந்தம். நாடுகள் போதுமான அளவு ஒப்புக்கொள்ளாமல் அது நடைமுறைக்கே வரவில்லை. 2012இல் அதன் வாரிசாகக் கேப் டவுன் ஒப்பந்தம். இரண்டுமே பேசுவது 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்களைப் பற்றி. காசிமேட்டு லாஞ்சுகள் அந்த அளவுக்குள் அடங்கிவிடுபவை. உலகச் சட்டத்தின் வலைக்கண்ணில் புகுந்து வெளியே வந்துவிடும் பொடி மீன்கள்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கொதிகலன் வெடித்தால் முதலாளியின் சுவரும் போகும், பக்கத்துக் கட்டடமும் போகும், சத்தம் நகரத்துக்கே கேட்கும். விஞ்சு அமைதியானது. ஒரு தடவைக்கு ஓர் ஆள், அதிலும் மூன்று விரல். கரைக்கு வந்து சேர்வதற்குள் தளத்தைக் கழுவிவிடுவார்கள்.

மாமா இரண்டு வருஷம் கழித்துத் திரும்பக் கடலுக்குப் போனார், வேறொரு லாஞ்சில். ஒரு தடைக்காலத்தில், லாஞ்சு கரையேறி நின்றபோது, பழைய ஃபிரிட்ஜின் பின்பக்கக் கம்பி வலையை வெட்டி விஞ்சுச் சங்கிலிக்கு ஒரு மூடி செய்தார். நாலு போல்ட்டு. அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டினார், நானும் போனேன். அப்பா குனிந்து பார்த்தார். ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டி, காது கொடுத்துக் கேட்டார். "இந்தப் போல்ட்டு ஆடுது மாப்ள" என்று ஒன்றை மாற்றச் சொன்னார். மாற்றி முடித்ததும் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, கேபின் பலகையில் அன்றைய தேதியை எழுதினார். அதற்குக் கீழே சரியாகப் பன்னிரண்டு மாதம் தள்ளி இன்னொரு தேதி.