கடவுச்சொல்லும் பிரிண்டரும் - ஒரு பழைய சண்டை

இன்றைக்கு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் காலையில் முதல் வேலை பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அடிப்பதுதான். புது ஆளுக்குக் கணக்கு திறந்து கொடுப்பது, மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றித் தருவது, பிரிண்டர் ஏன் ஓடவில்லை என்று போய்ப் பார்ப்பது... இதிலேயே சர்வர் நிர்வாகியின் பாதி நாள் ஓடிவிடும். இந்த வேலைகள் எப்படிப் பிறந்தன என்று தேடிப் போனால் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரி வளாகத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

1960 வாக்கில் கணிப்பொறி என்பது ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் இயந்திரம். நிரலைத் துளையட்டைகளில் குத்தி, கட்டாகக் கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தப்பினாலும் மறுபடியும் வரிசை. ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு இதற்கு ஒரு வழி கண்டது. இயந்திரத்தின் நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கிப் பலருக்கும் மாறி மாறிக் கொடுத்தால், ஒவ்வொருவருக்கும் தனி இயந்திரம் இருப்பது போலவே தோன்றும். சி.டி.எஸ்.எஸ். என்ற அந்த அமைப்பு 1961 நவம்பரில் முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்டது.

பல பேர் ஒரே இயந்திரத்தில் என்றால் யாருடைய கோப்பு எது, யாருக்கு எத்தனை மணி நேரம் என்ற கணக்கு வேண்டும். அதற்குத்தான் பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் வந்தன. உள்ளே பெரிய ராணுவ ரகசியம் ஒன்றும் இல்லை. கிட்டத்தட்ட ஒரு ரேஷன் கார்டு மாதிரி.

ரேஷன் வந்தால் கள்ளக் கார்டும் வருமே! ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. எந்தக் கோப்பு வேண்டும் என்று ஒரு துளையட்டையில் குத்திக் கொடுத்தால் அதை அச்சடித்து வைக்கும் வசதி அங்கே இருந்தது. 1962-ல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடவுச்சொற்கள் இருந்த கோப்பின் பெயரையே அவர் அட்டையில் குத்திக் கொடுத்தார். கேட்பது யார், இதைக் கேட்கலாமா என்று யாரும் பார்க்கவில்லை. சனிக்கிழமை காலை போனால் மொத்தப் பட்டியலும் தாளில் தயாராக இருந்தது. பழியைப் பங்கு போட வேறு சிலருக்கும் கொடுத்தார். அவர்களில் ஒருவர் லிக்லைடரின் கணக்கில் நுழைந்து கிண்டலாகச் செய்திகள் விட்டுவைத்தார். ஷெர் விஷயத்தைக் கோர்பட்டோவிடம் ஒப்புக்கொண்டது 25 வருடம் கழித்து. டாக்டர் பட்டத்தைப் பறிக்க மாட்டோம் என்று அவர் சிரித்தபடி சொல்லியிருக்க வேண்டும்!

1966-ல் யாரும் திருடாமலே பட்டியல் வெளியே வந்தது. ஒரு நிர்வாகி கடவுச்சொல் கோப்பையும், இன்னொருவர் பயனர்களுக்கான அன்றைய அறிவிப்பையும் ஒரே சமயத்தில் திருத்திக்கொண்டிருந்தார்கள். திருத்தும் மென்பொருள் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். ஒரே கணக்கில் இரண்டு பேர் உட்கார்ந்து திருத்துவார்கள் என்று அதை எழுதியவர்கள் நினைக்கவில்லை. இரண்டு கோப்புகளும் இடம் மாறின. அதற்குப் பிறகு உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொல்லும் வரிசையாக அச்சாகி வந்தது. நடந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். நிர்வாகிகளுக்குச் சோதனைகள் எப்போதும் வெள்ளிக்கிழமைதான் வரும் போலிருக்கிறது.

இந்தச் சம்பவத்தை 1979-ல் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் தங்கள் கட்டுரையில் குறிப்பிட்டார்கள். கடவுச்சொல்லை அப்படியே சேமித்து வைப்பதுதான் கோளாறு என்பது அவர்கள் வாதம். யூனிக்ஸில் அதை ஒருவழியாக உருமாற்றி வைத்தார்கள். கோப்பைத் திறந்தாலும் மூலச் சொல்லை நேராகப் படிக்க முடியாது. ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் உண்டு. திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831 மிக எளிதாகக் கண்டுபிடிக்கக் கூடியவை, அதாவது 86 சதவீதம். ஒரே ஒரு எழுத்தைக் கடவுச்சொல்லாக வைத்த மகராசர்களும் அதில் உண்டு.

எம்.ஐ.டி.யிலேயே இந்தப் பூட்டு சாவி விவகாரத்தைக் கடுமையாக எதிர்த்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். பக்கத்து ஆய்வகத்தில் கடவுச்சொல் வந்தபோது, அவர் அவற்றை உடைத்துப் பார்த்து, "இதற்குப் பதில் வெறும் என்டர் மட்டும் தட்டுங்கள்" என்கிற பொருளில் பயனர்களுக்குச் செய்தி அனுப்பினார். 1980 வாக்கில் அவருக்கு வாய்த்த சண்டை பிரிண்டரால் வந்தது. பழைய பிரிண்டரில் தாள் சிக்கினால், காத்திருப்பவர்களின் திரைக்குத் தகவல் போகும்படி நிரலை மாற்றியிருந்தார்கள். ஜெராக்ஸ் கொடுத்த புது லேசர் பிரிண்டர் வேறு மாடியில் இருந்தது. அதன் மூல நிரல் கிடைக்கவில்லை. வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்துக்காரர், ரகசிய ஒப்பந்தம் இருப்பதாகச் சொல்லிக் கையை விரித்துவிட்டார். 1983-ல் அறிவிக்கப்பட்ட குனூ திட்டத்துக்கு இது ஒரு விதை என்று ஸ்டால்மன் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

1984-ல் ஆய்வகத்தில் சிலர் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றித் தங்களோடு வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். அவர் இயங்குதளத்தின் உள்ளேயே ஒட்டுப்போட்டு அதை முறியடித்தார். குறிப்பிட்ட குழுவினர் மட்டுமே நிர்வாகியாக மாறலாம் என்கிற கட்டுப்பாட்டைக் குனூவின் 'சு' கட்டளையில் வைக்காததற்கு, கையேட்டில் அவர் சொன்ன காரணம் இந்தக் கதைதான். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஆய்வகத்தில் இது அழகான கொள்கை. ஊழியர்களின் சம்பளப் பட்டியல் இருக்கும் அலுவலக சர்வரில் ஒரு வாரம் தாங்காது.

அலுவலகங்கள் வேறு வழியில் போயின. 1980களில் நோவெல் நெட்வேர், விலை அதிகமான வட்டையும் பிரிண்டரையும் பல பேர் பங்கிட வழி செய்தது. எம்.ஐ.டி.யில் 1983-ல் தொடங்கிய அதீனா திட்டத்துக்குச் சிக்கல் பெரிது. வளாகமெங்கும் சிதறிக் கிடக்கும், மாணவர் கையில் இருக்கும் கணிப்பொறிகளை எப்படி நம்புவது? அங்கே பிறந்த கெர்பெராஸ் முறையில் கடவுச்சொல் வலையமைப்பில் பயணிப்பதே இல்லை. நடுவில் இருக்கும் சர்வர் ஒரு சீட்டு தரும். கோப்பு சர்வர் அந்தச் சீட்டை மட்டும் பார்க்கும். 2000-ல் வந்த விண்டோஸ் 2000, தன் ஆக்டிவ் டைரக்டரியில் இதையே எடுத்துக்கொண்டது.

இவ்வளவு காவல் போட்ட பிறகும் 2021 ஜூலையில் ஓட்டை தெரிந்தது பிரிண்டர் பக்கம்தான். விண்டோஸில் அச்சு வரிசையைக் கவனிக்கும் 'ஸ்பூலர்' சேவை உச்ச அதிகாரத்தோடு ஓடும். சாதாரணப் பயனர் ஒருவர், பிரிண்டர் டிரைவர் என்ற பெயரில் எதையாவது ஏற்றி சர்வரையே கைப்பற்றலாம் என்று தெரிந்தது. 'பிரிண்ட்நைட்மேர்' என்று பெயர் வந்தது. 2020-லேயே ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் 7-க்கும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. கணக்குகள் அத்தனையும் இருக்கும் மைய சர்வர்களில் ஸ்பூலரை அணைத்து வைக்கும்படி அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பும் அறிவுறுத்தியது. மைய சர்வரில் அணைக்கலாம். பிரிண்டர்களை நடத்தும் சர்வரிலேயே அணைத்தால் அலுவலகத்தில் ஒரு தாளும் வெளியே வராது.