விசைகளின் வெக்டர் கூட்டல்

ஒரு புள்ளியில் பல விசைகள் ஒன்றாகச் செயல்படும்போது அவை சேர்ந்து தரும் பலனைத் தனியொரு விசையாகக் கண்டறியும் முறை விசைகளின் வெக்டர் கூட்டல் ஆகும். அந்தத் தனி விசைக்குத் தொகுபயன் விசை என்று பெயர். விசைக்கு அளவோடு திசையும் உண்டு. ஆகவே 60 நியூட்டனும் 80 நியூட்டனும் சேர்ந்தால் எப்போதும் 140 ஆகிவிடாது. ஒரே திசையில் இழுத்தால் 140, எதிரெதிரே இழுத்தால் 20, ஒன்றுக்கொன்று செங்குத்தாக இழுத்தால் 100. மற்றக் கோணங்களில் விடை 20க்கும் 140க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம்.

இரு விசைகளையும் இணைகரத்தின் இரு பக்கங்களாக வரைந்தால் மூலைவிட்டம் தொகுபயனைக் காட்டும். நியூட்டன் 1687இல் வெளியிட்ட ‘பிரின்சிபியா’ நூலில் இயக்க விதிகளைச் சொன்ன கையோடு முதல் கிளைத்தேற்றமாக வைப்பது இதைத்தான். அதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே, 1586இல், சைமன் ஸ்டீவின் சாய்தளத்தின் மேல் மணிச்சங்கிலியைத் தொங்கவிட்ட கற்பனைச் சோதனை வழியாக ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்திருந்தார்.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை மர்பி டவுனில் வைத்துப் பார்க்கலாம். பெங்களூரில் அல்சூரை ஒட்டி, தமிழர் மிகுதியாக வாழும் இப்பகுதி ஒரு காலத்தில் நாக்ஸ்பேட்டை எனப்பட்டது. கண்டோன்மென்ட் காலத்துப் பொறியாளர் மர்பியின் பெயரை இன்று தாங்குகிறது. திருவிழா நாளில் இங்குள்ள ஒரு தெருவின் குறுக்கே, இரு வீட்டு மாடிகளிலிருந்து கயிறு கட்டி 10 கிலோ அலங்கார விளக்கு ஒன்றைத் தொங்கவிடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வீடு உயரம், மற்றது சற்றுத் தாழ்வு. உயரமான வீட்டுக் கயிறு கிடைமட்டத்தோடு 45 பாகை சாய்ந்திருக்கிறது, எதிர்வீட்டுக் கயிறு 30 பாகை. எந்தக் கயிற்றில் எவ்வளவு இழுவிசை?

முதல் வேலை படம் வரைவது. வீடு, தெரு எதுவும் வேண்டாம். கயிறுகள் கூடும் முடிச்சு மட்டும் ஒரு புள்ளி. அதிலிருந்து மூன்று அம்புகள்: இரண்டு கயிறுகளின் போக்கில், ஒன்று நேர் கீழே. பாடநூல்கள் சொல்லும் தனித்த பொருள் விசைப்படம் இதுதான். பாதிக் கணக்கு இங்கேயே முடிந்துவிடுகிறது என்பது மிகையல்ல. விடை தவறியவர்களின் தாளைப் பார்த்தால் பெரும்பாலும் படமே இருக்காது. எடை 10 அல்ல, 10ஐ 9.8ஆல் பெருக்கி வரும் 98 நியூட்டன்.

பிறகு ஒவ்வொரு இழுவிசையையும் கிடைமட்டக் கூறு, செங்குத்துக் கூறு என இரண்டாகப் பிரிக்க வேண்டும். முடிச்சு அசையாமல் நிற்பதால் இடப்பக்க இழுப்பும் வலப்பக்க இழுப்பும் சமம். மேல்நோக்கிய கூறுகள் இரண்டும் சேர்ந்து 98. இரு சமன்பாடுகளையும் தீர்த்தால் 45 பாகைக் கயிற்றில் சுமார் 88 நியூட்டன், 30 பாகைக் கயிற்றில் சுமார் 72 நியூட்டன். லாமியின் தேற்றத்தைப் பயன்படுத்தினால் ஒரே வரியில் இதே விடை வரும். ஆனால் அது ஒரு புள்ளியில் சமநிலையில் இருக்கும் மூன்று விசைகளுக்கு மட்டுமே பொருந்தும். நான்காவது விசை வந்தால் கூறுகளுக்குத்தான் திரும்ப வேண்டும்.

இனி இரு மாடிகளும் சம உயரம் என்போம். இரு பக்கமும் 30 பாகை என்றால் ஒவ்வொரு கயிற்றிலும் 98 நியூட்டன், அதாவது விளக்கின் முழு எடை. தொய்வு அசிங்கமாகத் தெரிகிறதென்று கயிற்றை இறுக்கி 10 பாகைக்குக் கொண்டுவந்தால் 282. இன்னும் இறுக்கி 5 பாகை ஆக்கினால் 562. விளக்கின் எடையைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. விளக்கு அதேதான், கயிறும் அதேதான், அறுவது மட்டும் இப்போது. தொய்வே இல்லாத கயிற்றில் மேல்நோக்கிய கூறே கிடையாது என்பதால், எவ்வளவு இழுத்தாலும் விளக்கு தொங்கும் கயிறு முழு நேர்கோடாகாது.

கூறு பிரிக்கும்போது வரும் சைனா, கோசைனா என்ற குழப்பத்துக்கு இந்தத் தொய்வே நல்ல சோதனை. கோணத்தைப் பூஜ்யமாக்கிப் பார்த்தால் செங்குத்துக் கூறு மறைய வேண்டும். மறையாவிட்டால் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. கயிற்றின் இழுவிசை எதிர்க்குறியில் வந்தால் முதலில் கால்குலேட்டரைப் பார்ப்பது நல்லது. அது ரேடியனில் இருக்கும்.

இதே கணக்குக்குக் கள வடிவமும் உண்டு. அல்சூர் ஏரியை ஒட்டியுள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் மையம், 1780இல் தன் வரலாற்றைத் தொடங்கும் படைப்பிரிவுக்கு உரியது. பாலம் கட்டுவது இத்தகைய இராணுவப் பொறியாளர்களின் தொழில். நட்ட கம்பத்தைச் சுற்றிலும் கயிறுகளால் இழுத்துக் கட்டிப் பாரம் தூக்கும்போது, கயிற்றின் முளையைத் தரையில் எவ்வளவு தள்ளி அடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மேலே சொன்ன கோணம்தான். கம்பத்துக்கு மிக அருகில் முளை அடித்தால் கயிற்றின் கிடைமட்டக் கூறு சுருங்கி, இழுவிசை ஏறிவிடும்.

விசைகள் ஒரே புள்ளியில் சந்திக்காதபோது கூட்டல் மட்டும் போதாது. தேரின் இரு வடங்களில் ஒன்றை மட்டும் கூட்டம் வலுவாக இழுத்தால் தேர் முன்னே நகர்வதோடு ஒரு பக்கம் திரும்பவும் பார்க்கும். தொகுபயன் விசை முன்னே செல்லும் அளவைச் சொல்லும். திரும்புவதைச் சொல்ல விசையின் திருப்புத்திறன் வேண்டும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர்கள் கையாள்வது இந்த இரண்டாவதை.