மத்திய கல்லூரி வாசலும் மலையகச் சிறாரும்
(ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு)

இலங்கையின் கல்வி வரலாற்றை எழுதப் புகுந்தோர் 1945ஆம் ஆண்டு அக்டோபர் முதலாந் திகதியைப் பெருந் திருப்புமுனையாகக் கொள்வது வழக்கம். இலவசக் கல்வி அன்று நடைமுறைக்கு வந்தது. 1931 தொடக்கம் 1947 வரை கல்வியமைச்சராக விளங்கிய சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயருடன் இணைத்துப் பேசப்படும் இத்திட்டத்தின் மற்றொரு கூறே ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையாகும். கிராமத்து ஏழைப் பிள்ளைகளுள் திறமை மிக்கோரைத் தெரிந்தெடுத்து, விடுதி வசதியுள்ள மத்திய பாடசாலைகளில் அரசாங்கச் செலவில் கற்பிப்பதே அதன் நோக்கம். அவ்வாறு கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்தோர் பலர். எனினும் இவ்வரலாறு கூறப்படும்போது பெருந்தோட்டச் சிறார் பற்றிய பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே விடப்படுகிறது.

பட்டிப்பொல என்னும் ஊரை எடுத்துக்கொள்வோம். நானுஓயாவுக்கு 1885இல் வந்து சேர்ந்த புகையிரதப் பாதை, 1893இல் அப்புத்தளை வரை நீட்டப்பட்டபோது இவ்வூர் வழியே சென்றது. இலங்கையின் மிக உயர்ந்த இடத்தில் அமைந்த புகையிரத நிலையம் இதுவே. இதனைக் கடந்ததும் வருகின்ற சுரங்கப்பாதை மத்திய மாகாணத்தையும் ஊவா மாகாணத்தையும் பிரிக்கின்றது. ஒருபுறம் ஹோட்டன் சமவெளிக் காடு. மறுபுறம் அம்பேவெலப் பண்ணை. இடையிடையே தேயிலையும் உருளைக்கிழங்கும் மரக்கறியும். தை மாதத்து விடியலில் புல்நுனி வெளுக்கும்படி உறைபனி படியும் இடம். இங்கிருந்து தேயிலை கொழும்புக்குச் செல்ல நூறாண்டுக்கு முன்பே இருப்புப்பாதை இருந்தது. இங்குள்ள பிள்ளை ஓர் உயர்தரப் பாடசாலைக்குச் செல்வதற்கோ வெகுகாலம் வழியேதும் இருக்கவில்லை. இது மிகைக்கூற்றன்று, சட்டங்களின் வரலாறே இதற்குச் சான்று.

தோட்டங்களில் முதலிற் கல்வி புகட்டியவை கங்காணிமாரும் ஓரளவு எழுத்தறிந்த சிலரும் லயங்களில் நடத்திய சிறு பள்ளிகளும், மிஷனரிமார் அமைத்த பள்ளிகளுமே. 1904இல் பரோஸ் என்னும் அதிகாரி தோட்டச் சிறாரின் கல்வி பற்றி அறிக்கை சமர்ப்பித்தார். 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டங்களையும் தொட்டது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமோ ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத்துரையின் மீது சுமத்தியது. காலை பத்து மணிக்கு முன்னர் அச்சிறாரை வேலைக்கு அமர்த்தலாகாது என்றும் விதித்தது. இவ்விதியைச் சற்றுக் கூர்ந்து நோக்குதல் தகும். பத்து மணிக்குப் பின்னர் பிள்ளை கொழுந்து பறிக்கவோ புல்லு வெட்டவோ போகலாம் என்பதே இதன் மறுபொருள். பத்து வயதோடு கல்வி முடிவுறும் என்பதும் இதனுள் அடங்கும். எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியை உருவாக்குவதற்கு மேல் துரைமார் எதனையும் விரும்பவில்லை. அதற்கு அப்பாற் படித்தவன் பிரட்டுக்களத்துக்கு வரமாட்டான் என்ற அச்சம் அவர்களிடம் இருந்தது. அவ்வச்சம் பொய்யானதும் அன்று.

இப்பின்னணியில் 1943ஆம் ஆண்டுக் கல்வி விசேட குழுவின் அறிக்கையை நோக்குமிடத்து, அதன் முற்போக்குத் தன்மையும் அதன் எல்லையும் ஒருங்கே புலப்படும். ஆரம்பக் கல்வியின் முடிவில் பிள்ளைகளின் ஆற்றலைச் சோதித்து, மூவகையான பாடசாலைகளுக்கு அவர்களைப் பிரித்தனுப்புவது அக்குழுவின் கருத்து. இங்கிலாந்தின் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ்ப் பதினொரு வயதிற் சோதித்துப் பிரித்த முறையும் ஏறக்குறைய இதனை ஒத்ததே. ஆங்கு அம்முறை தொழிலாளர் பிள்ளைகளைப் பின்தள்ளுகின்றது என்ற கண்டனம் எழுந்து, 1960களிற் பெரும்பாலும் கைவிடப்படலாயிற்று. இலங்கையில் அது நிலைத்தது. திறமையைச் சோதிக்கும் எந்தத் தேர்வும், சோதனைக்கு முன் எல்லாப் பிள்ளைகளும் கற்றிருக்கின்றனர் என்ற எடுகோளின் மீதே நிற்கின்றது. ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் ஓர் அறையில் வைத்துக் கற்பித்த தோட்டப் பள்ளியில் இவ்வெடுகோள் செல்லாது. மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடும். பிள்ளைக்காம்பராக்கள் சீராக இயங்காத தோட்டங்களில் அதன் கல்வி அத்துடன் முடிந்தது.

தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் ஏற்கவேண்டும் என்ற ஏற்பாடு 1947ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் இடம்பெற்றபோதும், அது ஏட்டளவில் நின்றது. காரணம் அடுத்த ஆண்டிலேயே இருக்கின்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. மத்திய பாடசாலைகள் தேர்தல் தொகுதிதோறும் ஒன்று என்ற எண்ணத்துடன் பரப்பப்பட்டவை. பாடசாலை கேட்பவர் தொகுதியின் பிரதிநிதி. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். தலவாக்கலையின் பிரதிநிதியாகிய சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்திற் பிறந்து கொழும்பிற் கற்று, ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் விளங்கியவர். 1952இல் ஒருவரும் இல்லை. வாக்கில்லாத மக்களுக்கு மத்திய கல்லூரி கேட்பார் யார்? குடியுரிமைப் பிரச்சினையை அரசியல் வரலாற்றிலும், பாடசாலையைக் கல்வி வரலாற்றிலும் தனித்தனியே வைத்துப் படிப்பதால் இவ்விணைப்பு கண்ணிற்படாமற் போய்விடுகின்றது.

1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியே விடப்பட்டன. இக்காலத்தில் ஐந்தாந்தரத்துக்கு அப்பாற் படிக்க விரும்பிய பிள்ளைக்கு நகர்ப்புறப் பாடசாலைகளே கதி. அட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி இவ்வகையிற் சிறப்பிடம் பெறுகின்றது. அங்கு ஆசிரியராகவும் அதிபராகவும் பணியாற்றிய இர. சிவலிங்கத்தின் செல்வாக்கில் 1960களில் ஒரு மாணவர் தலைமுறை உருவாயிற்று. மலையகம் என்னும் சொல்லுக்கு அரசியற் கனம் கொடுத்தோருள் அத்தலைமுறையினர் குறிப்பிடத்தக்கவர். அங்கு சேர்வதற்கும் நகரத்தில் ஓர் உறவினர் வீடோ விடுதிக் கட்டணமோ வேண்டும். ஆகவே முதலிற் படித்தோரிற் பலர் கங்காணி, கணக்கப்பிள்ளை, கடைக்காரர் ஆகியோரின் பிள்ளைகளாக இருந்தமை வியப்பன்று.

தோட்டங்கள் 1975இல் முழுமையாக நாட்டுடைமையாயின. இதனையொட்டி 1970களின் பிற்பகுதியிற் பள்ளிகள் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. கன்னங்கராவின் திட்டத்துக்கு முப்பது ஆண்டுகள் பிந்தியே தோட்டத்துப் பிள்ளை அதனுள் நுழைந்தது எனலாம். 1980களில் மலையக இளைஞர் பலர் ஆசிரியராக நியமனம் பெற்றனர்; சுவீடன் நாட்டு உதவியிற் கட்டடங்கள் எழுந்தன; ஜெர்மனியின் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது. 1986, 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்றோர் என்ற நிலையையும் நீக்கின.

இன்று பட்டிப்பொலப் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் ஒரே நாளில், ஒரே வினாத்தாளை எழுதுகின்றனர். வெட்டுப்புள்ளி மாவட்டத்திற்கு மாவட்டம், மொழிக்கு மொழி வேறுபடுகின்றது. பின்தங்கிய பகுதிகளுக்கு இது ஓரளவு நியாயமே. ஆனால் பரீட்சை இரு வேறு காரியங்களைச் செய்கின்றது என்பதை மறத்தலாகாது. வருமானங் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அது உதவிப்பணம் தருகின்றது. புள்ளி மிகுந்த பிள்ளைக்குப் பெயர்பெற்ற பாடசாலையில் இடம் தருகின்றது. நகரத்துப் பெற்றோர் இரண்டாவதற்காகவே பிள்ளையை மூன்றாந்தரத்திலிருந்து டியூட்டரிக்கு அனுப்புகின்றனர். தோட்டத்துக்குப் பெரும்பாலும் கிட்டுவது முதலாவதே. கன்னங்கராவின் காலத்து மத்திய பாடசாலை விடுதியையும் உணவையும் சேர்த்தே வழங்கிற்று. இன்று கடிதத்திற் பாடசாலையின் பெயர் வருகின்றது. அங்கு தங்குவதற்கு இடம் வருவதில்லை. பத்து வயதுப் பெண்பிள்ளையைத் தனியே புகையிரதத்தில் அனுப்பத் தாய் துணிவாளா என்பது எந்த வினாத்தாளிலும் இல்லாத வினா. வெட்டுப்புள்ளியைக் கடந்த பிள்ளைகளிற் சிலர், தை மாதத்திற் பழைய பாடசாலையிலேயே ஆறாந்தர வாங்கில் அமர்ந்துவிடுகின்றனர்.