பூனை கட்டிய மணி

வெள்ளை மாளிகையில் மதிய விருந்து. 1968 ஜனவரி 18. அழைத்தவர், அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட். வந்திருந்தது சுமார் ஐம்பது பெண்கள். பேசவேண்டிய விஷயம்: தெருக்களில் குற்றங்கள் பெருகிவிட்டன, தடுக்க நாம் என்ன செய்யலாம்?

அந்த ஐம்பது பேரில் ஒருவர், சரியாக இரண்டு வாரம் முன்புதான் டி.வி.யில் ஜோக்கரோடு கூட்டு சேர்ந்து கொள்ளைக்குத் திட்டம் போட்டவர்! 'பேட்மேன்' தொடரின் கேட்வுமன். பெயர் எர்தா கிட்.

குற்றத்தை ஒழிக்க யோசனை கேட்டு வில்லியையே கூப்பிட்டிருக்கிறார்களே என்று சிரிக்கத் தோன்றுகிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள்.

1966 ஜனவரியில் ஏ.பி.சி. சானலில் ஆரம்பித்து 1968 மார்ச்சில் முடிந்தது அந்த 'பேட்மேன்'. மொத்தம் 120 எபிசோட். இன்றைய பேட்மேன் படங்கள் மாதிரி இருட்டும் மழையுமாக இருக்காது. பளீர் கலர். குத்து விழுந்தால் 'டமால்', 'டுமீல்' ரகத்தில் எழுத்துகள் திரையை அடைத்துக்கொண்டு வரும். வில்லன்களின் மறைவிடம் வந்தால் மட்டும் கேமராவைச் சாய்த்துவிடுவார்கள். கோணல் புத்திக்காரன் வீடு கோணலாகத்தானே தெரியவேண்டும்! ஹீரோ ஆடம் வெஸ்ட் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு நல்லொழுக்கம் போதிக்க, காசு கொடுத்துப் பார்க்கத் தகுந்தவர்களாக இருந்தது வில்லன்கள்தான். ஜோக்கராக வந்த சீஸர் ரொமேரோ, தன் பிரசித்தி பெற்ற மீசையை எடுக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்து, மீசைக்கு மேலேயே வெள்ளைப் பெயின்ட் அடித்துக்கொண்டு நடித்த புண்ணியவான். இப்போது போட்டுப் பார்த்தாலும் மீசை தெரிகிறது.

கேட்வுமனாக முதல் இரண்டு சீசன்களில் வந்தவர் ஜூலி நியூமர். மூன்றாவது சீசன் வந்தபோது அவர் சினிமாவுக்குப் போய்விட்டார். எந்த சினிமா? 'மெக்கன்னாஸ் கோல்டு'! நம்மூர் தியேட்டர்களில் திரும்பத் திரும்ப ஓடியதே, அதேதான். அதில் செவ்விந்தியப் பெண்ணாக வருவாரே, அவர்தான். அந்தக் காலி இடத்துக்கு வந்தார் எர்தா கிட்.

1967 டிசம்பரில் முதல் எபிசோட். ஜூலி நியூமர் பூனை என்றால் மடியில் வந்து படுத்துக்கொள்ளும் ரகம். எர்தா அப்படியில்லை... சீறும் பூனை. 'ர்ர்ர்' என்று அந்த எழுத்தை உருட்டி உருட்டிப் பேசுவார். ஆள் சின்ன உருவம்தான். ஆனால் வாயைத் திறந்தால் அறையில் வேறு யாரும் இருப்பதாகவே தெரியாது.

ஒரு மாற்றத்தை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நியூமர் காலத்தில் பேட்மேனுக்கும் கேட்வுமனுக்கும் நடுவே ஒரு காதல் கிசுகிசு ஓடிக்கொண்டே இருக்கும். எர்தா வந்ததும் அது காணாமல் போனது. காரணம், எர்தா கறுப்பினப் பெண். கறுப்பர் - வெள்ளையர் கல்யாணத்துக்கு எதிரான மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்னதே 1967 ஜூனில்தான். தீர்ப்பு வந்த சூட்டில் டி.வி.யில் காதலா? ஸ்பான்சர்கள் தாங்கமாட்டார்கள். திருடலாம், ஊரையே கலக்கலாம். ஹீரோவைக் காதலோடு பார்ப்பது மட்டும் கூடாது.

எர்தாவுக்கு இது புதிதில்லை. தெற்கு கரோலினாவின் பருத்திக் காட்டில் பிறந்த குழந்தை. அப்பா யாரென்று தெரியாது, வெள்ளைக்காரராக இருக்கலாம் என்று பேச்சு. அம்மாவும் விட்டுப் போனார். தோல் கொஞ்சம் வெளுத்திருந்ததால் கறுப்பர்களே ஒதுக்கினார்கள். நியூயார்க்கின் ஹார்லெமில் உறவுக்காரர் வீட்டில் வளர்ந்து, கேதரின் டன்ஹாம் நடனக் குழுவில் சேர்ந்து, பாரிஸ் கிளப்புகளில் பாடி, பல மொழிகளில் பாட்டு, பிராட்வே, சினிமா என்று ஏறியதெல்லாம் தனிக்கதை.

சரி, விருந்துக்கு வருவோம். அவரை அழைத்ததில் அர்த்தம் இருந்தது. வாஷிங்டனின் ஏழைப்பகுதியான அனகோஸ்டியாவில் இளைஞர்கள் நடத்திய ஓர் அமைப்புக்காக 1967-ல் நாடாளுமன்றக் கமிட்டி முன்னால் போய்ப் பேசியவர் எர்தா. தெருப்பையன்களை அவருக்கு நேரில் தெரியும்.

விருந்தின் நடுவே ஜனாதிபதி ஜான்சனே தலைகாட்டினார். எர்தா எழுந்து, வேலைக்குப் போயே ஆகவேண்டிய பெற்றோர் பிள்ளைகளை எப்படிக் கவனிப்பார்கள் என்று கேட்டார். குழந்தைகள் காப்பகம், புதுச்சட்டம் என்று ஏதோ சொல்லிவிட்டு ஜான்சன் கிளம்பிவிட்டார். கடைசியில் எர்தாவின் முறை வந்தது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பெற்று வளர்த்த பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய் வியட்நாமில் சாகக் கொடுக்கிறீர்கள். போலீஸ் ரெக்கார்டு இருந்தால் பட்டாளத்துக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று பையன்கள் கணக்குப் போடுகிறார்கள். நல்லவனாக இருந்தால் நஷ்டம். பிறகு எப்படித் தெரு உருப்படும்?

நான் பி.காம். படித்தவன். வரவு செலவை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

அறை உறைந்துபோனது. லேடி பேர்ட் முகம் வெளிறி, குரல் நடுங்க, யுத்தம் நடக்கிறது என்பதற்காக மற்ற நல்ல காரியங்களை விட்டுவிட முடியாது என்று பதில் சொன்னார். அதுவும் ஒரு தாயின் நியாயம்தான். அவருடைய இரு மருமகன்களுமே ராணுவத்தில் இருந்தவர்கள். ஆனால் மறுநாள் பேப்பர்களில் தலைப்புச் செய்தி, 'ஜனாதிபதி மனைவியை அழவைத்த நடிகை'. கேள்வி காணாமல் போய் கண்ணீர் மட்டும் மிஞ்சியது.

போகும்போது வெள்ளை மாளிகை கார். திரும்பும்போது டாக்ஸி பிடித்துப் போனேன் என்று பின்னாளில் சொன்னார் எர்தா. அதற்குப்பிறகு அமெரிக்காவில் சான்ஸ் வற்றியது. ஒப்பந்தங்கள் கழன்றுகொண்டன. பெரும்பாலும் ஐரோப்பாவில் பாடித்தான் பிழைப்பு. ஏன் என்பது 1975 ஜனவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' நிருபர் சீமூர் ஹெர்ஷ் எழுதியபோது கொஞ்சம் விளங்கியது. விருந்து முடிந்த ஒரே வாரத்துக்குள் சி.ஐ.ஏ. அவரைப் பற்றி ஒரு ஃபைல் தயாரித்திருந்தது. வெளிநாட்டு உளவு பார்க்கவேண்டியவர்கள், சொந்த நாட்டுப் பாடகியின் படுக்கையறை வரை வம்பு சேகரித்திருந்தார்கள். இங்கே அச்சில் போடமுடியாத வசவுகளும் உண்டு. கோதம் நகரப் போலீஸ்கூட கேட்வுமனை இவ்வளவு கேவலமாகத் துரத்தியதில்லை!

1978-ல் 'டிம்பக்டு' நாடகத்தோடு பிராட்வேக்குத் திரும்பினார். அதே ஆண்டு ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகைக்கு மறுபடி அழைத்தார். போனார். 2000-த்தில் டிஸ்னியின் 'தி எம்பரர்ஸ் நியூ குரூவ்' கார்ட்டூனில் மந்திரக்கார வில்லிக்குக் குரல் கொடுத்தார். அந்த வில்லி கடைசியில் என்ன ஆகிறாள் தெரியுமா? பூனைக்குட்டி!

2008 டிசம்பர் 25 அன்று, குடல் புற்றுநோயால் காலமானார். 1953-ல் அவர் பாடிய 'சான்டா பேபி' அன்றைக்கும் கடை கடையாக ஒலித்துக்கொண்டிருந்திருக்கும்.

இன்னொன்று. ஆயுள் முழுக்க எர்தா பிறந்தநாள் கொண்டாடியது ஜனவரி 26. நிஜமான தேதி அவருக்கே தெரியாது. 1990-களின் பிற்பகுதியில், தெற்கு கரோலினாவின் பெனடிக்ட் கல்லூரி மாணவர்களிடம் முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்றார். தேடிப்பிடித்து பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1927 ஜனவரி 17. அப்படியானால் அந்த மதிய விருந்துக்கு முந்தின நாள்தான் அவருக்கு 41 முடிந்திருக்கிறது.